அட, தொடவாவது தொடுப்பா!

ஒடுகத்தூரில் ஓர் ஆளைச் சட்டென்று கோபப்படுத்திப் பார்க்க ஆசையா? கரண்ட் கட், கம்பெனி பஸ் லேட், கட்சி அரசியல் எதுவும் வேண்டாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து 'முஸ்தாஃபிசுர்' என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பக்கத்தில் இருப்பவர் கிளாஸை நங்கென்று வைப்பார். "அந்த நாலு பால் இருக்குதே…" என்று ஆரம்பிப்பார். அப்புறம் உங்கள் டீ ஆறிப்போகும்.

எந்த நாலு பால் என்று கேட்கிறவர்களுக்காக:

2018 மார்ச் 18. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கொழும்பு பிரேமதாசா மைதானம். இலங்கை தன் சுதந்திரத்தின் 70ஆம் ஆண்டுக்காக நடத்திய நிதாஹாஸ் கோப்பையின் ஃபைனல். பந்தல் போட்டு சமையலும் செய்த இலங்கைக்கு அந்தப் பந்தியில் இலை இல்லை! இந்தியாவும் பங்களாதேஷும்தான் ஆடின. பங்களாதேஷ் 166. நமக்கு 167 வேண்டும். கோலி, தோனி, ஹர்திக் பாண்டியா மூவரும் ரெஸ்ட். கேப்டன் ரோகித் சர்மா 56 அடித்துவிட்டு அவுட். இன்னும் ஆறு ஓவருக்குமேல் பாக்கி இருக்கும்போது உள்ளே வருகிறார் நம்ம விஜய் சங்கர்.

திருநெல்வேலியில் பிறந்து தமிழ்நாடு டீமில் ஆடி வந்தவர். அப்போது வயது 27. அந்தத் தொடரில்தான் இந்தியாவுக்கு அறிமுகம். பந்து வீசினார், பங்களாதேஷுக்கு எதிரான ஒரு மேட்ச்சில் இரண்டு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன்கூட ஆனார். ஆனால் மட்டையைப் பிடித்து இறங்க வாய்ப்பே வரவில்லை. இந்தியாவுக்காக அவர் முதன்முதலாக பேட் செய்ததே இந்த ஃபைனலில்தான். புது மாப்பிள்ளையை முதல் நாளே சீமந்தச் செலவுக்குக் கணக்கு சொல்லச் சொன்ன கதை!

கடைசி 18 பந்தில் 35 ரன் வேண்டும். பந்தோடு வருகிறார் முஸ்தாஃபிசுர் ரஹ்மான். முதல் பந்து… காற்று. இரண்டாவது… காற்று. மூன்றாவது. நாலாவது. தொடவில்லை சார், தொடவே இல்லை! "அட, தொடவாவது தொடுப்பா! ஒரு ரன் எடுத்துட்டு அந்தப் பக்கம் போப்பா!" என்று தமிழ்நாடே டி.வி.யைப் பார்த்துக் கெஞ்சுகிறது. ஐந்தாவது பந்தில் ஒரு லெக் பை. ஆறாவதில் மனீஷ் பாண்டே அவுட். ஓவரில் மொத்த வரவு அந்த ஒரு ரன்.

12 பந்தில் 34. தினேஷ் கார்த்திக் வருகிறார். ரூபெல் ஹுசைன் ஓவரில் 6, 4, 6, ஒரு சும்மா, 2, 4. கடைசி ஓவரில் 12 வேண்டும். அதிலும் நம்ம ஆள் முதல் பந்தைக் கோட்டை விடுகிறார். பிறகு ஒரு ஃபோர் அடிக்கிறார் (இதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை). அடுத்த பந்தில் அவுட். கடைசிப் பந்தில் 5 ரன் தேவை. எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே கார்த்திக் ஒரு சிக்ஸர்… முடிந்தது!

கார்த்திக் 8 பந்தில் 29. விஜய் சங்கர் 19 பந்தில் 17. ஜெயித்த மேட்ச்சில் வில்லனைத் தேடுகிற வழக்கம் பொதுவாகக் கிடையாது. அன்றைக்குத் தேடினோம். கிடைத்தார். அன்று ராத்திரியே மீம்ஸ், நக்கல், வசவு எல்லாம் தயார். வடிவேலு முகத்தை ஒட்டாத படம் பாக்கியில்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? ஹீரோவும் வில்லனும் ஒரே டீம் பிள்ளைகள். ஒரு வருஷம் முன்பு, 2017இல், தமிழ்நாடு விஜய் ஹசாரே கோப்பையையும் தேவதர் கோப்பையையும் அடுத்தடுத்து ஜெயித்தது. இரண்டு ஃபைனலிலும் செஞ்சுரி அடித்தவர் கார்த்திக். இரண்டுக்கும் கேப்டன் யார்? விஜய் சங்கர்!

* * *

வடக்கத்தி ஆள் ஒருத்தர் டக் அவுட் ஆனால் "சரி, விடு" என்று சேனலை மாற்றுகிறோம். நம்ம ஊர்ப் பையன் சொதப்பினால் மட்டும் ஏன் வயிறு எரிகிறது? காரணம் சிம்பிள். மறுநாள் திங்கட்கிழமை. ஆபீஸில் பக்கத்து சீட் பெங்களூர்க்காரர் "இன்னா சார், உங்காளு நேத்து…" என்று ஆரம்பிப்பார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தானே தவிர, விஜய் சங்கர் இல்லை. சொந்தத் தம்பி பரீட்சையில் கோட்டடித்தால் தெருவில் தலை குனிகிற அதே சமாசாரம்.

இது புதுசும் இல்லை. நம்ம அப்பா, சித்தப்பாமார்களைக் கேளுங்கள், எல்.சிவராமகிருஷ்ணன் என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். மெட்ராஸ் பையன். லெக் ஸ்பின். 1983இல் பதினேழு வயதில் வெஸ்ட் இண்டீஸில் டெஸ்ட் ஆடினார். 1984 கடைசியில் பம்பாயில் இங்கிலாந்தை இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறாகச் சாய்த்து 12 விக்கெட். 1985 மார்ச்சில் மெல்போர்ன் ஃபைனலில் ஜாவேத் மியாண்டட்டையே கிரீஸை விட்டு இழுத்து ஸ்டம்பிங் ஆக்கினார். ஊரே தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதற்கு அடுத்த ஜனவரியோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. அப்போது வயது இருபது! ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட். "தலைக்கனம்", "சுத்தறான்", "பந்து திரும்பலை" என்று அந்தக் காலத்து டீக்கடைகள் தீர்ப்பு எழுதின. இருபது வயதில் ஒரு பையனுக்குப் பந்து கையை விட்டு ஒழுங்காக வரவில்லை என்றால் யாராவது உட்கார வைத்துச் சரி செய்ய வேண்டாமா என்று கேட்ட பெஞ்சுகள் குறைவு.

சிவராமகிருஷ்ணனிடமாவது ஏறி இறங்கிய கதை இருக்கிறது. விஜய் சங்கர் விஷயம் இன்னும் விசித்திரம். ஏறுவதற்குள்ளேயே இறங்கச் சொன்னோம்.

* * *

அந்த நாலு பந்துக்கே மறுபடி வருவோம். முஸ்தாஃபிசுர் இடது கைக்காரர். கை வேகமாகச் சுழலும், விரல்கள் மட்டும் கடைசி நொடியில் பந்தின் மேல் உரசி இழுக்கும். அதற்குப் பெயர் கட்டர். பந்து பிட்ச்சில் விழுந்து, ஓர் அரை மூச்சு நின்று, வலது கை ஆட்டக்காரரை விட்டு விலகிப்போகும். மட்டை அதற்குள் போய்விட்டுத் திரும்பியிருக்கும். 2015இல் மிர்ப்பூரில் இவர் ஒருநாள் போட்டியில் அறிமுகமானபோது முதல் இரண்டு மேட்ச்சில் 11 விக்கெட். எல்லாம் நம்ம ஆட்கள்! ரோகித்தும் ரெய்னாவும் இரண்டு மேட்ச்சிலும் அவரிடமே விழுந்தார்கள். அப்படிப்பட்ட ஆளிடம், பழைய பந்தில், பதினெட்டாவது ஓவரில், சர்வதேச கிரிக்கெட்டின் முதல் இன்னிங்ஸை ஆடுகிறவரை நிறுத்தியிருந்தோம்.

ஏன் நிறுத்தினோம்? கார்த்திக்கை முன்னால் அனுப்பியிருக்கலாமே? அவருக்கே அந்த வருத்தம் இருந்தது என்று ரோகித் பிறகு சொன்னார். கடைசி ஓவர்களுக்கு அவர் வேண்டும் என்று பிடித்து வைத்தாராம். கணக்கு பலித்துவிட்டதால் யாரும் கேப்டனைக் கேள்வி கேட்கவில்லை. பலிக்காமல் போயிருந்தால்? அப்போதும் கேட்டிருக்க மாட்டோம், அதற்குத்தான் விஜய் சங்கர் இருக்கிறாரே!

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் கட்டிங் செக்ஷன் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு முழுத் தோலை மேஜையில் விரித்தால், முதுகுப் பக்கம் கெட்டியாக, ஒரே சீராக இருக்கும். ஷூவின் முன்பக்கம் அதில்தான் வெட்டுவார்கள். வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுபடும். அதை நாக்குக்கும் உள்வேலைக்கும் போடுவார்கள். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல் எல்லாவற்றையும் ஒதுக்கி டையை வைக்கிற இடத்தில்தான் கட்டரின் சம்பளம் இருக்கிறது. இடம் மாற்றி வைத்து வெட்டிவிட்டு ஷூ பிளந்துபோனால், மேஸ்திரி தோலையா திட்டுவார்? டையை வைத்தவனைக் கூப்பிடுவார். (அந்தக் கட்டர் வேறு, இந்தக் கட்டர் வேறு. இரண்டிடமும் நம்ம ஆள் மாட்டினதுதான் விதி.)

விஜய் சங்கர் தமிழ்நாட்டுக்கு நடுவில் இறங்கி, நின்று, ஆட்டத்தைக் கட்டுகிற ஆள். ஆரம்பத்தில் ஆஃப் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்தார். நம்ம ஸ்டேட்டில் ஸ்பின்னர்களுக்கா பஞ்சம்? மீடியம் பேஸுக்கு மாறினார். டிபார்ட்மென்ட் மாற்றிக்கொண்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்கிற சாமர்த்தியம் நமக்கெல்லாம் புரியும். ஆனால் இந்தியாவுக்குப் போனதும் அவரிடம் கேட்டது ஹர்திக் பாண்டியாவின் வேலையை. போன உடனே தூக்கி அடிக்கிற வேலை. அவரை எடுத்ததே ஹர்திக் லீவில் போனதால்தான் என்பது வேறு விஷயம்.

* * *

அடுத்த வருஷம் நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. 2019 பிப்ரவரி 3, வெலிங்டன். நியூஸிலாந்துக்கு எதிராக இந்தியா 18 ரன்னுக்கு 4 விக்கெட். ஒரு பக்கம் அம்பத்தி ராயுடு, இன்னொரு பக்கம் விஜய் சங்கர். இருவரும் சேர்ந்து 98 ரன். ராயுடு 90, நம்மவர் 45. மேட்ச் ஜெயித்தது. இந்த ஜோடியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5, நாக்பூர். ஆஸ்திரேலியா. கோலி செஞ்சுரி. விஜய் சங்கர் அழகாக 46. கோலி நேராக அடித்த பந்து பௌலர் ஸாம்பா கையில் பட்டு, எதிர்முனை ஸ்டம்பைச் சாய்த்து, நம்ம ஆள் ரன் அவுட்! அதிர்ஷ்டம் என்று ஒன்று இவர் வீட்டு வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. கடைசி ஓவரில் ஆஸ்திரேலியாவுக்கு 11 ரன் வேண்டும். ஸ்டாய்னிஸ் 52இல் நிற்கிறார். யார் போடுவது? அன்றைக்கு அதுவரை ஒரே ஓவர் போட்டு 13 ரன் கொடுத்திருந்த விஜய் சங்கர். டி.வி. முன்னால் இருந்த பாதிப் பேர் எழுந்து சாப்பிடப் போய்விட்டிருப்பார்கள். முதல் பந்து, ஸ்டாய்னிஸ் எல்.பி.டபிள்யூ. மூன்றாவது பந்து, ஸாம்பா போல்டு. எட்டு ரன்னில் வெற்றி. ஒருநாள் போட்டிகளில் இந்தியாவுக்கு அது 500ஆவது வெற்றி.

நாலு பந்தை நிமிஷம் நிமிஷமாகச் சொல்கிறவர்களிடம் இந்த மூன்று பந்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அப்பிடியா? எப்போ?" என்பார்கள். பற்றை மட்டும் எழுதிவிட்டு வரவை எழுதாமல் விடுகிற லெட்ஜர் இது. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

ஏப்ரல் 15, 2019. உலகக் கோப்பை டீம் அறிவிப்பு. நாலாம் இடத்துக்கு எல்லோரும் எதிர்பார்த்த ராயுடு இல்லை. விஜய் சங்கர் இருக்கிறார். தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே.பிரசாத், இவர் பேட்டிங், பௌலிங், ஃபீல்டிங் என்று மூன்று பரிமாணம் தருகிறார் என்று விளக்கினார். மறுநாள் ராயுடு, உலகக் கோப்பை பார்க்க 3டி கண்ணாடி ஆர்டர் பண்ணியிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிப் போட்டார். நல்ல ஜோக். சந்தேகமே இல்லை. ஆனால் ஜோக் யார்மேல் போய் விழுந்தது? பிரசாத்மேல் விழ வேண்டியது. விழுந்தது விஜய் சங்கர்மேல். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே '3டி'. இரண்டரை மாசம் முன்பு வெலிங்டனில் தோளோடு தோள் நின்ற இரண்டு பேரை, ரசிகர்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் எதிரியாக்கிவிட்டார்கள்.

உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக புவனேஷ்வர் குமார் பாதி ஓவரில் காலைப் பிடித்துக்கொண்டு வெளியேற, மிச்சப் பந்துகளைப் போட வந்தார். உலகக் கோப்பையில் அவருடைய முதல் பந்து. இமாம் உல் ஹக் அவுட்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், மீம்ஸ்காரர்கள் கட்சி மாறினார்கள். அப்புறம் பேட்டிங்: ஆட்டமிழக்காமல் 15, பிறகு 29, 14. மோசமும் இல்லை, பிரமாதமும் இல்லை. மூன்று மேட்ச்சும் இந்தியா ஜெயித்தது. ஆனால் நாலாம் நம்பர் ஆட்டக்காரர் இருபதுகளில் வெளியேறினால் வயிறு நிறையாதுதான். அந்த ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது. பிறகு கால் விரலில் அடி. டீமிலிருந்தே வெளியே. மாற்றாக மயங்க் அகர்வால். செமி ஃபைனலில் ரோகித், ராகுல், கோலி மூவரும் தலைக்கு ஒரு ரன் எடுத்து 5க்கு 3 ஆனபோது விஜய் சங்கர் ஊருக்குக் கிளம்பியாயிற்று. அதற்கும் "நாலாம் நம்பரில் ஒழுங்கான ஆள் இல்லை, எல்லாம் அந்த 3டியால்" என்றார்கள்! மஞ்சள் காமாலைக்கும் மாமியார்தான் காரணம் என்பது போல.

அதற்குப்பின் இந்தியா அவரைக் கூப்பிடவில்லை. 12 ஒருநாள், 9 டி-20. கணக்கு முடிந்தது.

* * *

2021 நவம்பர் 22. டெல்லி. சையது முஷ்டாக் அலி கோப்பை ஃபைனல், தமிழ்நாடு-கர்நாடகா. கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். ஆமாம், அதே 5! ஷாருக்கான் (நம்ம சென்னை ஷாருக்) சிக்ஸர் அடித்துக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்தார். கேப்டன் விஜய் சங்கர். அவருடைய ஸ்கோர் 22 பந்தில் 18. மறுநாள் போட்டோவில் யார் என்று சொல்ல வேண்டுமா?

2023 ஏப்ரல் 9. அகமதாபாத். குஜராத் டைட்டன்ஸுக்காக 24 பந்தில் 63 நாட் அவுட். மெதுவாக ஆடுகிறவர் என்று சொன்னவர்கள் வாயை அடைக்கிற ஆட்டம். ஓர் இரண்டு மணி நேரம் அடைத்தும் இருந்தது. பிறகு ரிங்கு சிங் வந்தார். கடைசி ஓவரில் ஐந்து பந்தில் ஐந்து சிக்ஸர். கொல்கத்தா ஜெயித்தது. அந்த நாளின் பெயர் இன்றைக்கும் ரிங்கு சிங் நாள். ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களே, இந்த மனுஷன் கட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக 2025. ஜெட்டா ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை 1 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கியிருந்தது. எங்கள் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, தூக்கிப் பார்த்து வாங்குவார்கள். வீட்டுக்கு ஓட்டிப்போன பிறகு "இது ஏன் குதிரை மாதிரி ஓடலை?" என்று யாரும் ஆட்டை அடிப்பதில்லை. ஐ.பி.எல். ரசிகர்கள் அடிப்பார்கள்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை மதியம், சேப்பாக்கம். டெல்லி 183. சென்னை பதினோராவது ஓவரில் 74க்கு 5. தோனி வந்து சேர்ந்தார். இருவரும் கடைசிவரை அவுட்டாகவில்லை. அதுதான் பிரச்னையே! விஜய் சங்கர் ஐம்பதைத் தொட 43 பந்து. கடைசியில் 54 பந்தில் 69. தோனி 26 பந்தில் 30. சென்னை 25 ரன்னில் தோல்வி. அன்றைக்கு மஞ்சள் சட்டைக்காரர்களின் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். விக்கெட் கையில் இருக்க, ஓவர் தீர்ந்துபோவதைப் பார்ப்பது, சம்பளத் தேதியில் பேங்க் சர்வர் படுத்துக்கொள்வதைவிடக் கொடுமை. பந்து மட்டைக்கு வராத பிட்ச் என்பார்கள், இருக்கட்டும், அவுட்டானாலும் பரவாயில்லை என்று சுற்றியிருக்க வேண்டும். தோனியைத் திட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் குரலைத் தாழ்த்தி. உரக்கத் திட்டத்தான் பக்கத்தில் இன்னொருத்தர் ஹெல்மெட்டோடு நின்றாரே.

அந்த சீசனில் சென்னை கடைசி இடம். சீசன் முடிந்ததும் விடுவிக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அதற்கு முன்பே, 2025-26 உள்நாட்டு சீசனுக்காக அவர் தமிழ்நாட்டை விட்டு திரிபுராவுக்குப் போய்விட்டார். பத்து வருஷத்துக்கு மேல் ஆடி, மூன்று கோப்பைக்குக் கேப்டனாக இருந்த டீமில், அடுத்த மேட்ச்சில் இடம் உண்டா இல்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் காத்திருப்பது கஷ்டமாக இருந்தது என்கிற அர்த்தத்தில் பேசினார். முப்பத்து நாலு வயதில் புது ஊர், புது டிரெஸ்ஸிங் ரூம், புரியாத பாஷை. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கினவர்களுக்குத் தெரியும்.

திரிபுராவின் தலைநகரம் அகர்தலா. அங்கிருந்து சற்று தூரம் நடந்தால் பங்களாதேஷ் பார்டர் வந்துவிடும். முஸ்தாஃபிசுர் ஊர்!